வாய்தா அல்வா

பசுபதி நான்காவது துண்டு அல்வாவை எடுத்தபோது பாகீரதி அவர் கையைத் தட்டிவிடவில்லை. தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

“சுகர் பேஷன்ட்டுக்கு அல்வா குடுக்குற நர்ஸை இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்று சிரித்தார் பசுபதி. “காளவாசல்ல வாங்கிட்டு வான்னுதான சொன்னேன்?”

“கடைச் சரக்கு எதுக்குங்க? நானே பாதாம் அரைச்சுக் கிண்டிட்டேன். இன்னும் இருக்கு, சாப்பிடுங்கய்யா.”

மறுநாள் அவருக்குத் தீர்ப்பு. ஐந்து வருடத்துக்கு முன்னால், கீழக்குயில்குடி விலக்கில், சைக்கிளில் போன ஒருவனை அவர் கார் அடித்துத் தூக்கியது. அவர் நிறுத்தாமல் வீடு வந்து சேர்ந்தார். செத்தவன் எழுமலைக்காரன் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள நினைத்ததும் இல்லை.

சமாதானம் பேசப் போனவர்களை அவன் பெண்டாட்டி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். “உங்க ஆளு கூண்டுல ஏறி நிக்கணும். நான் பாக்கணும்” என்று சொல்லி அனுப்பினாள்.

அன்றைக்கே பசுபதி கறுவிக்கொண்டார். அலையட்டும். கோர்ட்டுக்கும் ஊருக்கும் அலைந்தே அவள் கால் தேயட்டும்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் இனிப்பு. வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஜிலேபியும் அல்வாவுமாகத் தின்பார். சர்க்கரை நானூறைத் தாண்டும். ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொள்வார். வக்கீல் சிவக்குமார் கோர்ட்டில் டாக்டர் சீட்டை நீட்டுவார். ஒன்பது வாய்தா அப்படியே போயிருந்தது.

உடம்பு சும்மா விடவில்லை. நான்காவது வாய்தாவுக்குப் பிறகு இடது கண்ணில் புகை படிந்தது. ஒன்பதாவதின்போது செருப்பில் கிடந்த ஆணி பாதத்தில் ஏறி இரண்டு நாள் அங்கேயே இருந்தது. மரத்துப்போன காலுக்கு வலி தெரியவில்லை, நாற்றம் வந்துதான் தெரிந்தது. சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

அதற்கும் அவர் கலங்கவில்லை. அந்த எழுமலைக்காரி அன்றைக்கும் வெறுங்கையோடுதானே பஸ் ஏறியிருப்பாள்?

விரல் போன பிறகுதான் சென்னையிலிருக்கும் மகள் வர்ஷினி ஏஜென்சியில் சொல்லி நர்ஸ் வைத்தாள். பாகீரதி வந்து இரண்டு மாதம் ஆகிறது. தினமும் அவர் பாதத்தை மடியில் தூக்கி வைத்து, விரலிடுக்குகளைத் துடைத்து, எங்காவது கீறல் இருக்கிறதா என்று பார்ப்பாள். பெற்ற மகள்கூட அப்படிப் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஆனால் மாடிப்படி ஏற வைப்பாள். வீட்டில் இருப்பது பன்னிரண்டு படிதான். அத்தனையும் ஏறி இறங்கி அவர் மூச்சு வாங்கும்போது, “இன்னும் நாலு ஏறுங்க” என்பாள்.

“அதென்ன பதினாறு கணக்கு? ஏதும் வேண்டுதலா?”

“வேண்டுதல்தாங்க.”

இன்றும் பதினாறு ஏறி முடித்து உட்கார்ந்தபோது போன் அடித்தது. வக்கீல்தான்.

“அண்ணே, இந்த ஜட்ஜ் அடுத்த வாரம் மாறிப் போறாரு. நாளைக்கு மட்டும் நீங்க வரலைன்னா கேசு புது ஆளுகிட்ட. வாதமெல்லாம் மறுபடி முதல்லருந்து. ஆனா இந்தத் தடவை கவர்மென்ட் டாக்டர் ரத்தம் பாத்துத்தான் சீட்டுக் குடுக்கணும்னு உத்தரவு. நிசமாவே ஏறியிருக்கணும்.”

“ஏறும் மாப்ள. ரெண்டு நாளா அரைக் கிலோ உள்ள போயிருக்கு” என்று வயிற்றைத் தடவிக்கொண்டார் பசுபதி. “அலையட்டும் அவ.”

பாகீரதி காலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விடிந்தபோது பசுபதிக்கு எதுவோ சரியில்லை என்று பட்டது. நாக்கு வறளவில்லை. விடிவதற்குள் ஐந்து தடவை எழுப்பிவிடும் மூத்திரம் ஒரு தடவைகூட எழுப்பவில்லை.

பாகீரதி அவர் விரலில் குத்தி மெஷினில் காட்டினாள். நூற்று முப்பத்தொன்று.

“மெஷின் செத்துப்போச்சு. இன்னொரு தடவை குத்து!”

நூற்று இருபத்தொன்பது.

பசுபதி மெஷினைப் பிடுங்கிப் பார்த்தார். “அல்வால என்னத்தப் போட்ட?”

“பாதாம், நெய்யி, இனிப்பு மாத்திரை. சீனி ஒரு சிட்டிகைகூட இல்லைங்க.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். “அடிப் பாவி! எம்மேல அம்புட்டு அக்கறையா ஒனக்கு? பாசத்துல என் காரியத்தையே கெடுத்துட்டியே!”

பாகீரதி வெளுத்த வேட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவர் யாரையும் ஆட்டோவுக்குச் சொல்லச் சொல்லவில்லை.

அவள் குனிந்து அவருடைய செருப்பைத் தட்டினாள். உள்ளே ஆணி ஏதும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அதை அவர் காலடியில் ஜோடி சேர்த்து வைத்தாள்.

“என்னால முடியாது” என்றார் பசுபதி. “அந்தக் கோர்ட்டு மாடில இருக்கு. இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் எப்பிடி ஏறுறது?”

பாகீரதி நிமிர்ந்து முதன்முறையாக அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“பதினாறு படிதாங்க. அஞ்சு வருசமா நான் ஏறலையா?”