எமன் பிளக்கைப் பிடுங்குகிறார்

பிற்பகல் வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து, மேசைமேல் பின்னிக் கிடக்கும் ஒயர்களில் விழுகிறது. கம்ப்யூட்டர் நோயாளிகளின் மாதிரிக் குறிப்புகளை மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கும்போதே, ஆபீஸில் எல்லாரும் எமன் என்று கூப்பிடும் சோதனைக்காரர் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குகிறார். விசிறியின் முனகல் அடங்கித் திரை கருக்கிறது. புரோகிராம் எழுதியவள் வழக்கம்போல் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். மருத்துவமனைகளுக்குப் போகவேண்டிய இயந்திரம் இது. நான்கு மாதமாக, இப்படிக் கரண்ட் போகும்போதெல்லாம் ஏதாவதொரு குறிப்பு பாதியில் அறுந்துபோகிறது. எழுதப்போவதை முதலில் ஓர் ஓரத்தில் குறித்துவைத்த பிறகே எழுதத் தொடங்கவேண்டும், கரண்ட் வந்து விழித்ததும் அதைப் பார்த்து, விட்டுப்போனதைச் சரிசெய்யவேண்டும் என்று நேற்றுதான் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பிளக் மறுபடி ஏறுகிறது. விசிறி முனகுகிறது. வெள்ளை எழுத்துகள் திரையில் சாரைசாரையாக ஊர்கின்றன.

“கண்ணத் திறம்மா. எழுதி முடிச்சிட்டேன்னு கம்ப்யூட்டர் சொன்ன முந்நூறு குறிப்பும் இருக்கு.”

“அறுந்தது எத்தன சார்?”

“ஒண்ணுகூட இல்ல. நானும் மூணு தடவ எண்ணிட்டேன்.”

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, திரையில் மூக்கு இடிக்கும்படி குனிந்து ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறாள். கம்ப்யூட்டர் திரும்பவும் எழுதத் தொடங்கியதும் எமன் சுவரைக் காட்டுகிறார். “இப்ப நீயே புடுங்கு.” அவள் உள்ளங்கை வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெடுக்கென்று பிடுங்குகிறாள். இருண்ட திரையில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.