சாக்கின் முடிச்சு

இதை எனக்கு முதலிலே சொன்னவ குருநகர் இராசாத்தி. போன வருசம் உயிர்த்த ஞாயிறுப் பூசை முடிந்து, கோயில் வாசலிலேயே வைத்துச் சொன்னவ. அவவின் மகள் ஜெசிதாவின் கதை.

"எங்கடை சாக்கை ஆரோ அவிழ்த்திருக்கினம்!"

தவக்காலத்து முதல் வெள்ளி கழிந்து வந்த செவ்வாய்க்கிழமை பின்னேரம், மைதானத்து மூலைக் கொட்டிலுக்குள் நின்று கத்தினாள் ஜெசிதா.

அந்தச் சாக்குக்குள் இருந்தவை குருநகர்ப் பெண்கள் ஹொக்கி அணியின் நீலச் சட்டைகள். பக்கத்துச் சாக்கில் கொழும்புத்துறை அணியின் மஞ்சள் சட்டைகள்.

"நான் போட்டது வலை முடிச்சு. கடலுக்குப் போற எங்கடை அப்பா பழக்கினது. இதைப் பார், சப்பாத்துக்குக் கட்டுற மாதிரிப் பூ முடிச்சு!"

அவளின் தோழி டிலக்ஷி ஒரு சட்டையை எடுத்து மணந்து பார்த்தாள்.

"ஒண்டும் களவு போகேல்லையடி. தோய்ச்சு வைச்ச மாதிரியெல்லோ சவர்க்காரம் மணக்குது."

"பாத்தியே அந்தத் திமிரை! எங்கடை சட்டை மீன் மணக்குதாம் எண்டு குத்திக் காட்டத்தான் தோய்ச்சு வைச்சிருக்கிறாள் நிமலினி!"

நிமலினி கொழும்புத்துறை அணியின் தலைவி. மெதடிஸ்த சபைப் பிள்ளை. லண்டன் மாமா அனுப்பின புது ஹொக்கிப் பொல்லு, புதுச் சப்பாத்து. அவள் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடினால் ரோட்டால் போகிற சனம் சைக்கிளை நிற்பாட்டிப் பார்க்கும்.

ஜெசிதாவுக்கு அது பொறுக்காது. செபமாலை சொல்லுகிற நேரமும் மணிக்கு மணி அந்தச் சப்பாத்துத்தான் கண்ணுக்குள் வந்து நிற்கும்.

மைதானம் இருக்கிற வளவு பஞ்சலிங்கத்தாருடையது. கனடாவில் இருக்கிற தமக்கையின் சொல்லைத் தட்ட ஏலாமல் விளையாட விட்டவர். மனமில்லை.

"செவ்வாயும் வெள்ளியும் குருநகர், புதனும் சனியும் கொழும்புத்துறை," என்று முதல்நாளே சொல்லிவிட்டார். "தன்ரை நாளுக்கு வராத கூட்டமும் வெளியாலை, மற்றவையின்ரை நாளிலை கால் வைக்கிற கூட்டமும் வெளியாலை. ஒண்டு துலைஞ்சாலே எனக்குப் பாதித் தலையிடி குறையும்."

அந்தச் செவ்வாய்க்கு முதல் கிழமைதான் தவக்காலம் தொடங்கியிருந்தது. தவக்கால வெள்ளி பின்னேரமெல்லாம் கோயிலில் சிலுவைப்பாதைச் செபம். அதை விட்டுவிட்டுப் பந்தடிக்கப் போனால் குருநகரில் எந்த வீட்டில் சோறு கிடைக்கும்? பஞ்சலிங்கத்தாரிடம் கேட்கவும் பயம். ஒருத்தருக்கும் சொல்லாமல் முதல் வெள்ளியே போகாமல் விட்டார்கள்.

அதிசயம், வளவின் கேற் பூட்டப்படவில்லை. அடுத்த வெள்ளியும் அப்படியே.

"மாதாதான் அந்த மனிசன்ரை கண்ணை மறைச்சிருக்கிறா," என்றாள் டிலக்ஷி.

அதற்கடுத்த வெள்ளி, பிந்திப்போய்ச் சிலுவைப்பாதைக்கு ஓடிக்கொண்டிருந்தாள் ஜெசிதா. வளவின் தகரவேலிக்கு அங்காலே பொல்லுச் சத்தம்.

"இஞ்சாலை தள்ளு! இஞ்சாலை!"

நிமலினியின் குரல்.

எங்கடை நாளிலோ!

கோயிலில் முழந்தாளில் நின்றாள். ஒரு செபமும் வாயில் வரவில்லை.

"நாளைக்கே போய்ப் பஞ்சலிங்கத்தாரிட்டைச் சொல்லிப்போடுறன்," என்றாள் வெளியே வந்து.

"விசரே உனக்கு?" டிலக்ஷி பதறினாள். "நாங்கள் வராததும் வெளியிலை வந்திடுமெல்லே?"

"வரட்டும். எங்களுக்கில்லாத மைதானம் அவளவைக்கும் வேண்டாம்."

சனிக்கிழமை, மஞ்சள் சட்டைகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பஞ்சலிங்கத்தாரின் விறாந்தையில் ஏறினாள்.

"ஐயா, நேற்று வெள்ளிக்கிழமை..."

"ஓ, நீயாவே வந்திட்டியோ?" மனிசன் கதிரையை விட்டு எழும்பியேவிட்டார். "நேற்று உங்கடை பந்து வந்து என்ரை குறோட்டன் சாடியை உடைச்சுப்போட்டுது. நீலச் சட்டைப் பெட்டையள் ஒண்டும் விடாமல் ஓடி ஒளிச்சிட்டியள்!"

"நீலச் சட்டையோ, ஐயா?"

"பின்னை? எப்ப நாள் தவறுவியள் எண்டு ஒவ்வொரு வெள்ளியும் இதிலை இருந்து பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். உங்கடை மூஞ்சியளை ஆர் பாத்தது? சட்டையைப் பாத்தாக் காணாதே எனக்கு?"

ஜெசிதா திரும்பிப் பார்த்தாள்.

மைதானத்து நடுவில் நிமலினி பந்தை விட்டுவிட்டு, பொல்லை நெஞ்சோடு அணைத்தபடி இவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் இரத்தமில்லை.

அந்தப் பூ முடிச்சு. அந்தச் சவர்க்கார வாசம். மூண்டு வெள்ளியும் எங்கடை சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கடை நாளைக் காத்தது அவளவையோ!

"வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையோ?" பஞ்சலிங்கத்தார் உறுக்கினார். "சாடியை உடைச்சது ஆர்?"

"நான்தான் ஐயா," என்றாள் ஜெசிதா. "அதைச் சொல்லத்தான் வந்தனான்."

வாங்கின பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள்.

அடுத்த வியாழக்கிழமை, நீலச் சட்டைகள் எல்லாவற்றையும் தன் கையால் தோய்த்துக் காயவைத்து, மடித்துக் கொண்டுவந்து சாக்குக்குள் வைத்தாள். பழக்கத்தில் கை வலை முடிச்சுப் போடத்தான் போனது. மறுநாள் அதை அவிழ்க்க வருகிறவளுக்கு நகம் போய்விடும்.

பூ முடிச்சாகவே கட்டிவைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

பஞ்சலிங்கத்தார் இப்பவும் அதே கதிரையில்தான் இருக்கிறார். இந்த வருசத் தவக்காலமும் கிட்டுது. அவரை எங்கேயாவது கண்டால், நான் சொன்ன இதை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.