வேகாத கஞ்சி

"இன்னும் வேகலையே. வாயில போட்டா நறநறங்குது" என்று கரண்டியை வைத்தான் கர்ட்.

"பத்தாயிரம் அடி உசரம்பா இது. தண்ணி சீக்கிரம் கொதிச்சுடும், சூடுதான் பத்தாது" என்றாள் வெர்னா.

லெட்வில் ஊரின் மலை மீட்புக் குழுக் கொட்டகை அது. கர்ட்டுக்கு வயர்லெஸ், வெர்னாவுக்கு அடுப்பு. நேற்றுத் தனியாகப் பனிச்சறுக்குக்குப் போன நீல் வீடு திரும்பவில்லை. தேடுவதற்குப் பத்துப் பேர் விடியும்போதே மலையேறியிருந்தார்கள்.

நீலின் மனைவி டெஸ் ஜன்னலோரம் மலையைப் பார்த்தபடி நின்றாள்.

"கண்ணு, இங்க வா. இதைக் கொஞ்சம் கிண்டு, அடிபிடிச்சுடும்."

டெஸ் முறைத்தாள். "என் புருஷன் உயிரோட இருக்காரான்னே தெரியல. உங்களுக்குக் கஞ்சி பெருசாப் போச்சா?"

"வந்தா அவனுக்குப் பசிக்குமில்ல?"

கல்நெஞ்சக்காரி என்று கர்ட் பல்லைக் கடித்தான்.

டெஸ் கிண்ட ஆரம்பித்தாள். குருணையாக வெட்டிய ஓட்ஸ் மெல்லக் குமிழ் விட்டது. ஆவி ஏறி ஜன்னல் மங்கியது. மலை மறைந்தது. அந்த வெண்புகைக்குள் மரக்கரண்டி சுற்றிச் சுற்றி வந்தது.

"கஞ்சில அவருக்கு உப்பும் வேணும், சர்க்கரையும் வேணும்." தூக்கத்தில் பேசுகிறவள் போல இருந்தது அவள் குரல். "தினம் சண்டை போடுவேன்."

"போடணும். விட்டா தலையில ஏறிப்பாங்க."

டெஸ் லேசாகச் சிரித்துவிட்டாள்.

வயர்லெஸ் கரகரக்கும்போதெல்லாம் அவள் பதறித் திரும்பினாள். அப்போதெல்லாம் வெர்னாவின் கை ஏப்ரன் பைக்குள் போய், பாத்திரத்துக்கு மேல் வந்து போனது. உப்பு போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டான் கர்ட்.

"வெந்துடுச்சா?"

"இன்னும் கொஞ்சம், கண்ணு."

பொறுக்க மாட்டாமல் கர்ட் கிட்டே வந்து முணுமுணுத்தான். "வெர்னாக்கா, குக்கர் இருக்குல்ல? அதுல வெச்சிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும். பாவம், அந்தப் பொண்ணைப் போய் வேலை வாங்கறீங்களே."

"நீ போய் வயர்லெஸ்ஸைக் கவனி."

அவன் உட்காரவும் குரல் வந்தது. "ஆள் கிடைச்சுட்டார். கால் முறிஞ்சிருக்கு. நல்லாப் பேசறார். பசிக்குதாம். இறங்கிட்டிருக்கோம்."

டெஸ் கையில் கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள்.

கர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்திரத்தைப் பார்த்தான். "அத்தனை பேரும் பசியோட வராங்க. இது இன்னும் நறநறங்குது. இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

வெர்னா அடுப்புக்குக் கீழிருந்த ஓவனைத் திறந்து ஒரு பெரிய பாத்திரத்தை எடுத்தாள். உள்ளே குழைந்து வெந்த கஞ்சியிலிருந்து ஆவி பறந்தது.

"அவங்க மலையேறும்போதே குக்கர்ல வெச்சு முடிச்சாச்சு."

"அப்போ அடுப்புல இருக்கறது?"

ஏப்ரன் பையில் மிச்சமிருந்த பச்சை ஓட்ஸை டப்பாவில் உதறினாள் வெர்னா.

"அது சாப்பிடறதுக்கு வெச்சதில்லப்பா. அவ கிண்டறதுக்கு வெச்சது."