முட்டுக் கொடுத்த புள்ளி

காலையிலிருந்து நூலகத்தின் எந்தக் கணினியிலும் திரை திறக்கவில்லை, வெறும் வெள்ளை. நூலக மென்பொருளை எழுதிய தேவசகாயம் சார் போன வருடம் இறந்துபோக, அது என் தலையில் விழுந்திருந்தது. துழாவியதில் காரணம் அகப்பட்டது. திரையில் பெட்டிகள் சரியாமலிருக்க, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை நடுவில் வைத்து முட்டுக் கொடுப்பது அந்தக் காலத்துப் பழக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் வைத்திருக்கிறேன். சார் வைத்த புள்ளி அவர் வீட்டுக் கணினியிலிருந்து வந்தாக வேண்டும். அது வராமல் மற்ற எதுவும் தோன்றாது. அவர் வீட்டுக்குப் போன் செய்து, அந்தக் கணினி ஓடுகிறதா என்று கேட்டேன்.

“நேத்து சாயங்காலம்தான் அணைச்சேன் தம்பி,” என்றார் அவர் மனைவி. “அத எடுத்துட்டுப் போக பழைய சாமான்காரர் வாசல்ல நிக்கறாரு. இருங்க, போட்டுப் பாக்கறேன்.”

அவர் உள்ளே போன நேரத்தில் புள்ளியை எடுத்துவிட்டு, அதன் வேலையை ஒரே வரியில் எழுதினேன். திரை திறந்துகொண்டது. போனில் கணினி விசிறியின் இரைச்சல் கேட்டது.

“ஓடுது தம்பி. இந்தச் சத்தம் இல்லாம ராத்திரி பூரா அவர் ரூமையே பாத்துட்டிருந்தேன். உங்க வேல முடிஞ்சிருச்சா? எடுத்துக் குடுத்துடவா?”

எழுதிய வரியை அழித்தேன். புள்ளியைத் திரும்ப வைத்தேன்.

“இல்லம்மா, அது வேணும். அணைக்காதீங்க.”