வாரத்துக்கு எத்தனை பதிவு

எங்கள் சமையல் வலைப்பதிவில் தினமும் ஏதாவது எழுத வேண்டும் என்பது என் கட்சி. என் அண்ணன் மனைவி ரவ்ஷானுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் போதும்.

"அன்னிக்குத்தான் எப்படியும் எண்ணெய்ச் சட்டி வைக்கிறோம், ஸெய்னெப். தினம் எழுத நான் என்ன பத்திரிகையா நடத்துறேன்?"

எங்கள் தராஸ் நகரில் வெள்ளிக்கிழமை ஷெல்பெக் ரொட்டி பொரிப்போம். ரொட்டி எங்களுக்கு. காயும் எண்ணெயின் வாசனை இறந்துபோனவர்களுக்கு.

பெயர் போடாத ஒரு வாசகர் அந்த வெள்ளிக்கிழமைப் பதிவுகளுக்கு மட்டும் பின்னூட்டம் எழுதுவார். "இன்னிக்கு நல்லா இருந்துச்சு" என்பார். செய்து பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வோம்.

போன வெள்ளிக்கிழமை இருவரும் கல்யாணத்துக்குப் போய்விட்டோம். பதிவு தவறக் கூடாதே என்று பழைய படம் ஒன்றை ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினேன். மறுநாள் திரும்பி வந்தபோது பின்னூட்டம் வந்திருந்தது.

"படம் வந்துச்சு. வாசனை வரல."

"யார் அண்ணி இது? சரியான குசும்பு!" என்று சிரித்தேன்.

அண்ணி சிரிக்கவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் மாவை எடுத்தார்.

"வாரம் ஒன்னுதான். ஆனா ஒரு வாரமும் தவறக் கூடாது. அடுப்பைப் பத்த வை."

எண்ணெய் காய்ந்தது. முதல் ரொட்டி உப்பி எழுந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. நான் இன்னும் படம்கூட எடுக்கவில்லை. மேஜைமேல் இருந்த போன் சிணுங்கியது. பழைய பதிவுக்குக் கீழே புதிதாக ஒரு வரி.

"இப்ப வருது."