திரைக்குள் கடைந்த எஃகு

லேத் பட்டறையில் என்றோ கேட்ட ஒரு கிறீச்சொலி இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று, தண்ணீர் பம்புக்குள் சுழலும் தண்டாக ஆசைப்பட்ட எஃகுத் தடி, கடைவதைத் திரையில் ஒத்திகை பார்க்கும் பட்டறைக் கணினியிடம் கேட்டது: "அண்ணே, கடையும் சூட்டில் எனக்கு விரிசல் விடுமா?"

"திரையில் உன்னைப் பல தடவை கடைந்து பார்த்துவிட்டேன். ஒரு கீறல்கூட இல்லை. தைரியமாகப் போ."

லேத்தில் மாட்டியிருந்த உளி கணினியைக் கேட்டது: "தம்பி, உன் திரையில் நான் எப்படி இருக்கிறேன்?"

"புத்தம் புதுசாக."

"என் முனை மொண்ணையாகிவிட்டதே!"

"உளி தேய்வதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் பதில் சொல்ல நேரமாகும்."

தடி அண்ணனை நம்பி லேத்தில் ஏறியது. மொண்ணை உளி உரசிய கிறீச்சென்ற சத்தத்தோடு அதன் மேனி சூட்டில் நீலமாகி, இறுகி, வெடித்தது.

"இங்கே நீ நன்றாகத்தான் இருக்கிறாய்" என்றது கணினி.

அதன் பிறகு அந்தத் தடி, பட்டறைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கட்டையாகக் கிடந்தது.