தூரம் போகாத மட்டை

"இதுவும் வேண்டாம். வேற காட்டுங்க" என்றார் ஜெய்ராம்.

சத்யப்ரியா நெற்றியில் அடித்துக்கொண்டாள். சாப்பிட்ட கையோடு இந்த கோல்ஃப் கடைக்குள் நுழைந்தது. இன்னும் முடிந்தபாடில்லை. வெளியே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. மழை பிடித்தால் பவானிபூர் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். லேக் மார்க்கெட்டில் காய் வாங்கணும், காபிப்பொடி அரைக்கணும். இந்த மனுஷனோ வலைக்கு முன்னால் நின்றுகொண்டு பந்தை அடி அடி என்று அடிக்கிறார்!

முதல் அடிக்கு எடுக்கிற பெரிய தலை மட்டைக்கு டிரைவர் என்று பெயராம். இவர் அடிப்பார், பந்து வலையில் போய் முட்டும். நிஜ மைதானமாக இருந்தால் அது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று தரையில் இருக்கிற ஒரு மெஷின் கணக்குப் போட்டுத் திரையில் காட்டும். மட்டைக்கு மட்டை வித்தியாசம் தெரிய வேண்டாமா? அதற்குத்தான் இந்தக் கூத்து.

"தாதா, இருநூத்திப் பத்து கஜம்! பிரமாதம்!" வங்காளிக் கடைக்காரர் தேபாஷிஷ் கை தட்டினார். அவருக்கு ஜெய்ராம் தாதா, அதாவது அண்ணன்; சத்யப்ரியா பௌதி, அண்ணி.

"அவ்வளவு தூரம் வேண்டாங்க. கொஞ்சம் குறைச்சலா போற மாதிரி ஏதாவது இருக்கா?"

தேபாஷிஷ் திருதிருவென்று விழித்தார். சத்யப்ரியா பக்கம் திரும்பினார்.

"பௌதி, தாதா தமாஷ் பண்றாரா?"

"எனக்கே ஒரு எழவும் புரியலை. நீங்க எதையாவது எடுத்துக் கொடுத்து அனுப்புங்க, புண்ணியமாப் போகும்."

ஜெய்ராமின் போன் அடித்தது.

"சொல்லுங்க சார்... நாளைக்குக் காலையில நான் வந்துடுவேன் சார்... ஐயோ, நீங்க இல்லாம என்ன சார் ஆட்டம்? நீங்க அவசியம் வரணும் சார்..."

அடேயப்பா, என்ன குழைவு! இத்தனை வருஷத்தில் இவர் இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

சத்யப்ரியாவுக்குச் சுரீர் என்றது. ஆபீஸில் புது டைரக்டர் வந்திருக்கிறார். அடுத்த வாரம் பிரமோஷன் இண்டர்வியூ. அந்த நாற்காலியில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் மைதானத்தில் தரிசனம் கொடுப்பது அங்கே வழக்கம்.

தூரம் குறைச்சலாகப் போகணுமாமே! எதற்கு என்று இப்போதுதானே புரிகிறது. சீ!

"இது நூத்தி எழுபதுதான் போகுது தாதா" என்றார் தேபாஷிஷ், ஏதோ துக்கம் விசாரிக்கிற குரலில்.

"அப்படியா!" ஜெய்ராம் முகம் மலர்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் பலமாக அடித்தார். அப்போதும் அதே தூரம்தான்.

"இதையே பேக் பண்ணுங்க."

"தாதா, சொல்றதைக் கேளுங்க. இதோட தடி ரொம்ப விறைப்பு, உங்களுக்கு ஒத்தே வராது. யார் வித்ததுன்னு கேட்டா என் பேர்தான் கெடும்."

"நான் உங்க பேரைச் சொல்ல மாட்டேன். பேக் பண்ணுங்க."

கார் கதவைச் சாத்தியதும் சத்யப்ரியா வெடித்தாள்.

"உங்க பந்து அவர் பந்துக்குப் பின்னால விழணும். அதானே?"

"ஆமாம்."

கொஞ்சமாவது கூச்சம் வேண்டாம்?

"அதுக்கு மெதுவா அடிச்சுத் தொலைக்க வேண்டியதுதானே? புது மட்டை எதுக்கு?"

"மெதுவா அடிச்சா ஒரே பார்வையில கண்டுபிடிச்சுடுவார். நான் முழு பலத்தோட அடிக்கணும், பந்து மட்டும் போகக் கூடாது. கேட்டா, புது மட்டை, இன்னும் கை பழகலைன்னு சொல்லிடலாம்."

"வெட்கமா இல்லையா உங்களுக்கு? அந்த சேஷாத்ரி டைரக்டரா இருந்தப்ப அத்தனை பேரும் வேணும்னே அவர்கிட்ட தோத்தாங்க. நீங்க ஒருத்தர்தான் வாராவாரம் அவரை ஜெயிச்சுட்டு வந்து நின்னீங்க. பிரமோஷன் போச்சு. அப்பக்கூட நான் ஒரு வார்த்தை சொன்னேனா? என் புருஷன் யார் காலையும் பிடிக்க மாட்டார்னு எனக்கு எவ்வளவு பெருமையா இருந்தது தெரியுமா? இப்ப இந்தப் புது டைரக்டருக்காக இவ்வளவு கீழே இறங்கிட்டீங்களே!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"புது டைரக்டரா? அவருக்கு மட்டையை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது."

"அப்ப போன்ல யாரு?"

"சேஷாத்ரி சார்."

சத்யப்ரியா சட்டென்று திரும்பினாள்.

"அவர்தான் ரிடையர் ஆகிட்டாரே!"

"ஆயிட்டார். போன வாரம் என் பந்து அவர் பந்தைத் தாண்டிப் போறதைப் பார்த்துட்டு, 'எனக்கு வயசாயிடுச்சு ஜெய்ராம், இனிமே நான் வரலை'ன்னு சொல்லிட்டார். வீட்டுலயும் தனி ஆள். கெஞ்சிக் கூத்தாடி நாளைக்கு வரச் சம்மதிக்க வெச்சிருக்கேன்."

மழை பிடித்துக்கொண்டது. ஜெய்ராம் வைப்பரைப் போட்டார்.

"எனக்குப் புரியலைங்க" என்றாள் சத்யப்ரியா மெதுவாக. "நாற்காலியில இருந்தப்ப அவரை விடாம ஜெயிச்சீங்க. ஒண்ணுமே இல்லாத இந்த நேரத்துல போய் எதுக்கு அவர்கிட்ட தோக்கணும்?"

"அப்ப அவர்கிட்ட தோக்கறதுக்கு ஆபீஸே வரிசையில நின்னுது சத்யா. இப்ப நான் ஒருத்தன்தான் இருக்கேன்."